மஸ்ஜித் இந்தியாவில் ஒரு காடி விற்றேன்

மஸ்ஜித் இந்தியாவுக்குக் காடியில் போவது புத்திசாலித்தனம் இல்லை என்று கோலாலம்பூரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதுவும் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும் சனிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். எல்ஆர்டியில் ஏறி மஸ்ஜித் ஜாமிக் நிலையத்தில் இறங்கினால் ஐந்து நிமிட நடை. நான் காடியில்தான் போனேன். வேறு வழியில்லை. அந்தக் காடியை விற்கத்தான் போனேன்.

வாங்க வருபவர் ரவாங்கிலிருந்து வரும் ஓர் இளைஞர். அவருடைய அம்மாவுக்குத் தீபாவளிச் சேலை எடுக்க வேண்டும். "அங்கேயே வந்துடுங்க அக்கா, ஒரே வேலையா முடிஞ்சிடும்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். முன்ஷி அப்துல்லா சாலைப் பக்கம் நான்கு சுற்று சுற்றி, ஒரு லோரி நகர்ந்த இடத்தில் வண்டியை நுழைத்தேன். அவர்கள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நானாவின் துணிக்கடைக்கு நடந்தேன்.

அவருக்கு வயது அறுபதுக்கு மேல். என் அப்பா அவரை நானா என்று கூப்பிட்டார். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். என் பாட்டி காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்குத் துணி அந்தக் கடையில்தான். ஜவுளி, நகை, நாணய மாற்று, அத்தர், ரெடிமேட் பாஜு குரோங், பக்கத்திலேயே தே தாரிக், சனிக்கிழமை மாலையானால் துவாங்கு அப்துல் ரஹ்மான் சந்தில் பாசார் மாலாம். இந்தத் தெருவுக்குப் பெயர் தந்த பள்ளிவாசல் 1863-இல் மரக் கட்டடமாகத் தொடங்கியது. அந்தப் பள்ளிவாசலைச் சுற்றித் தமிழ் பேசியே வியாபாரம் செய்து பிழைத்த தலைமுறைகள் உண்டு.

அன்று நான் நானாவிடம் பேசப் போனது சேலையைப் பற்றி இல்லை, தண்ணீரைப் பற்றி.

இந்த ஊரே தண்ணீரில் முளைத்த ஊர். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேரும் முனையில் 1909-இல் கட்டிய மஸ்ஜித் ஜாமிக் நிற்கிறது. கோலாலம்பூர் என்ற பெயருக்கே சேறு கலந்த ஆற்றுச் சங்கமம் என்று பொருள் சொல்வார்கள். 1971 ஜனவரி வெள்ளத்தைப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஊரைக் காப்பாற்ற 9.7 கிலோமீட்டர் நீளத்துக்கு 'ஸ்மார்ட்' சுரங்கம் தோண்டி 2007-இல் திறந்தார்கள். காய்ந்த நாளில் அதன் ஒரு பகுதியில் கார்கள் ஓடும். பெருமழை நாளில் கார்களை வெளியேற்றிவிட்டு வெள்ளத்தை ஓடவிடுவார்கள். அது வந்த பிறகும் 2020 செப்டம்பர் 10-ஆம் தேதி மதியம் பெய்த மழையில் மஸ்ஜித் ஜாமிக் வட்டாரமும் டத்தாரான் மெர்டேக்கா பக்கமும் மூழ்கின.

அன்று நானாவின் காடியும் தண்ணீரில் நின்றது.

"தண்ணி வடிஞ்ச ஒடனே நான் ஸ்டார்ட் பண்ணேன்மா. அதான் செஞ்ச தப்பு" என்றார். இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே எழும்பித் தண்ணீரை முட்டும்போது, அதைத் தாங்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். நானாவின் காடியில் அதுதான் நடந்தது. காப்புறுதிக்காரரை அழைத்தார். வெள்ளத்துக்குத் தனியாகப் பணம் கட்டியிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். கட்டவில்லை.

இதை இன்னும் பலர் தெரிந்து வைத்திருக்கவில்லை. 'முழுமையான' என்று பெயர் வைத்த காப்புறுதியிலும் வெள்ளம் தானாக அடங்காது. 'சிறப்பு ஆபத்து' என்ற கூடுதல் பாதுகாப்பைக் கேட்டு, அதற்குத் தனியாகப் பணம் கட்டினால்தான் உண்டு. நானாவின் கடையில் இப்போது எந்தத் துணி மூட்டையும் தரையில் இருப்பதில்லை. எல்லாம் ஒரு முழம் உயர்ந்த பலகை மேல்தான். வெளியே வாடிக்கையாளர்கள் தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். 2024 ஆகஸ்ட் 23-ஆம் தேதி இதே சாலையின் நடைபாதை திடீரென்று உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண்மணியைக் கொண்டுபோனது. ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு இந்தத் தெருவில் யாருக்கும் பழைய நடை வரவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் அந்தத் தேதியை மறக்க மாட்டார்கள். அன்றும் அடுத்த நாட்களிலும் நான் வானொலியில் வெள்ளச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தேன். ஷா ஆலாம், செக்‌ஷன் 25, தாமான் ஸ்ரீ மூடா. அந்தப் பெயரை எத்தனை முறை உச்சரித்தேன் என்று கணக்கில்லை. கூரை மேல் நின்று போன் செய்தவர்கள், படகு கேட்டவர்கள், பால்மாவு கேட்டவர்கள். கார்களைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்போது அது முக்கியமாகவும் இல்லை. பிறகு புள்ளிவிவரத் துறை கணக்கெடுத்தபோது 2021 வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட். அதில் வாகனங்களின் பங்கு மட்டும் 100 கோடி ரிங்கிட்.

நூறு கோடி ரிங்கிட் பெறுமானமுள்ள வாகனங்கள் எங்கே போயின? எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போகவில்லை. ஒன்று என் வீட்டு வாசலுக்கு வந்தது.

2022-இல் எனக்கு அதிகாலை நிகழ்ச்சி கொடுத்தார்கள். கிள்ளானிலிருந்து காலை நாலரைக்குப் புறப்பட வேண்டும். அந்த நேரத்துக்கு ரயில் கிடையாது. அந்த ஆண்டு ஊழியர் சேமநிதியிலிருந்து சிறப்பு அனுமதியாக 10,000 ரிங்கிட் வரை எடுக்க விட்டார்கள் அல்லவா, அதை எடுத்தேன். மீதியை அம்மா தந்தார். ஒரு பழைய கார் வியாபாரியிடம் 2015 மைவி ஒன்று, வெள்ளி நிறம், 21,500 ரிங்கிட். அதே வயது வண்டிகள் மற்ற இடங்களில் மூவாயிரம் நாலாயிரம் கூடுதலாக இருந்தன. உள்ளே புத்தம் புதுக் கம்பளம். எலுமிச்சை வாசனை. "ஒரு லேடி ஓட்டின காடி, நல்லா வச்சிருந்தாங்க" என்றார் வியாபாரி. அந்த லேடி யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லாப் பழைய காடியையும் அவர்தான் ஓட்டியிருக்கிறார் போலிருக்கிறது.

பெயர் மாற்றத்தில் எந்தச் சிக்கலும் வரவில்லை. இதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன். புஸ்பாகோமில் பி5 பரிசோதனை. தேறியது. ஜேபிஜேயில் கட்டைவிரல் ரேகை வைத்தேன். என் பெயரில் கிராண்ட் வந்தது. யாரும் தவறு செய்யவில்லை. பி5 பார்ப்பது, அடிச்சட்ட எண்ணும் இன்ஜின் எண்ணும் பதிவோடு பொருந்துகிறதா, திருட்டு வண்டியா, வெட்டி ஒட்டிய வண்டியா, கண்ணாடிக் கறுப்பு அளவு மீறியதா என்பதைத்தான். கம்பளத்தைப் பிரித்துச் சேறு இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை. என் கிராண்டில் நிறம் இருக்கிறது, இன்ஜின் கொள்ளளவு இருக்கிறது, தயாரித்த ஆண்டு இருக்கிறது. 'இந்த வண்டி மூழ்கியது' என்று எழுத அதில் ஓர் இடம் இல்லை.

பழைய கிராண்டின் நகலை வியாபாரி காட்டியபோது நான் பெயரை மட்டும் பார்த்தேன். முகவரியும் அதில் இருந்தது. செக்‌ஷன் 25, தாமான் ஸ்ரீ மூடா. ஆறு மாதத்துக்கு முன் மணிக்கு ஒரு தடவை நான் வாசித்த பெயர். கண் பட்டது, மூளையில் ஏறவில்லை. இன்னொன்றையும் கவனிக்கவில்லை. அவர் எடுத்துத் தந்த காப்புறுதி மூன்றாம் தரப்புக் காப்புறுதி. "செலவு கம்மிதானே" என்றார். நானும் மகிழ்ச்சியோடு தலையாட்டினேன்.

நான்காம் மாதம் மழை பிடித்தது. காடிக்குள் ஈரத்துணியை வாளியில் மறந்துவிட்டது போல ஒரு வாடை. எலுமிச்சை தோற்றுப்போனது. பிறகு ஒருநாள் விடியற்காலை நாலே முக்காலுக்கு, கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா தாண்டும்போது டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது, ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. பின்னால் லோரி. இரண்டு கையாலும் இழுத்து ஓரம் கட்டினேன். அன்று என் நிகழ்ச்சியை வேறொருவர் தொடங்கி வைத்தார்.

கிள்ளானில் எனக்குத் தெரிந்த பட்டறைக்கார அண்ணன் ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. ஓட்டுநர் இருக்கைப் பட்டையைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். நாம் தினமும் இழுப்பது பாதிப் பட்டைதான். மீதிப் பாதி உள்ளே சுருண்டே கிடக்கும். கடைசி முழத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. அதற்கு மேல் கறுப்பு, கீழே தேநீர் நிறம். "தண்ணி இது வரைக்கும் நின்னுருக்கு தங்கச்சி" என்று என் தோள் உயரத்தைக் காட்டினார். பிறகு பின்பெட்டியைத் திறந்து உபரி டயரைத் தூக்கினார். அடியில் காய்ந்த மெல்லிய மண், மாவு போல. இருக்கைக்கு அடியில் போல்ட்டுகள் துருவேறியிருந்தன. கம்பளம் புதிது, அதற்குக் கீழே இருந்த பஞ்சு பழையது, பிழிந்தால் ஈரம். பியூஸ் பெட்டியில் செம்பு முனைகள் பச்சைப் பூத்திருந்தன.

எல்லாவற்றையும் காய வைத்து மினுக்கலாம், வயர்களின் இணைப்புக்குள் போன சேற்றுத் தண்ணீரை மட்டும் மினுக்க முடியாது என்றார். அது காய்ந்த பிறகும் உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் நீரில் மூழ்கிய காடி விற்ற அன்று ஓடும், அடுத்த மாதமும் ஓடும்; ஆறு மாதத்தில் ஒவ்வொன்றாகக் கைவிடும். இன்று ஸ்டீயரிங், நாளை பவர் விண்டோ. மோதும் நேரத்தில் விரிய வேண்டிய காற்றுப்பை விரியுமா என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. அதைச் சோதித்துப் பார்க்க ஒரே வழி மோதுவதுதான்.

அடுத்த ஆண்டு முழுமையான காப்புறுதி கேட்டபோது முகவர் விசாரித்துச் சொன்னார்: முந்தைய உரிமையாளர் சிறப்பு ஆபத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார். இந்த வண்டிக்கு 'முழு இழப்பு' என்று காப்புறுதி இழப்பீடு கொடுத்து முடித்திருக்கிறார்கள். அதாவது ஒரு கணக்குப் புத்தகத்தில் இந்த வண்டி இறந்துவிட்டது. இழப்பீடு கொடுத்த பிறகு வண்டி காப்புறுதிக்குச் சொந்தம். அவர்கள் அதை உள்ளபடியே ஏலத்தில் விடுகிறார்கள். எடுப்பவர் மூழ்கிய வண்டி என்று தெரிந்தே எடுக்கிறார். விலையும் அதற்கேற்ற விலைதான். அதுவரை எதுவும் ஒளிவு மறைவு இல்லை. கழுவி, கம்பளம் மாற்றி, எலுமிச்சை வாசனை தொங்கவிட்டு, அடுத்தவரிடம் வாயைத் திறக்காமல் விற்கும் இடத்தில்தான் அது ஏமாற்றாகிறது.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் நனைந்த கார்கள் இப்படித்தான் ஏலத்துக்குப் போயின. அமெரிக்காவில் 2005 கத்ரீனா புயலில் லட்சக்கணக்கான வண்டிகள் மூழ்கின. அங்கே உரிமைப் பத்திரத்திலேயே 'வெள்ளம்' என்று முத்திரை குத்தும் வழக்கம் உண்டு. அப்படியும் ஒரு மாநிலத்து வண்டியை இன்னொரு மாநிலத்தில் மறுபதிவு செய்து முத்திரையைக் காணாமல் போக்கினார்கள். அதற்குப் பத்திரத்தைச் சலவை செய்வது என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் சலவைக்கு வேலையே இல்லை, கறையே எழுதப்படுவதில்லை.

ஏன் வழக்குப் போடவில்லை என்று நானா கேட்டார். நியாயமான கேள்வி. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 பழைய பொருளுக்கும் பொருந்தும். நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வழக்கறிஞர் வேண்டாம், பதிவுக் கட்டணம் ஐந்தே ரிங்கிட். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். இதையெல்லாம் நானே நிகழ்ச்சியில் நேயர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அதுதான் சிக்கல். ஊருக்கெல்லாம் ஏமாறாதீர்கள் என்று காலையில் சொல்லுகிறவள் மைவியில் ஏமாந்தாள் என்று வெளியே தெரிய எனக்கு வெட்கமாக இருந்தது. 'இருக்கும் நிலையிலேயே வாங்குகிறேன்' என்ற தாளில் வேறு கையெழுத்துப் போட்டிருந்தேன். அப்படி ஒரு தாள் சட்டம் தரும் உரிமையைப் பறிக்காது என்று தெரிந்தும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். ஒருமுறை அந்தக் கடைக்குப் போனேன். அங்கே டயர்க் கடை இருந்தது. அத்தோடு விட்டேன். மூன்று ஆண்டும் ஓடிவிட்டது. பழுது பார்த்த செலவு நாலாயிரத்தைத் தாண்டியது.

இப்போது விற்கும் முறை எனக்கு வந்தது. மூன்று வழி இருந்தது. பேசாமல் விற்றால் 18,000 ரிங்கிட். பழைய இரும்புக்குப் போட்டால் சொற்பம். சொல்லி விற்றால், தெரியவில்லை. 'நீ சொல்லலேன்னா யாருக்குத் தெரியும், பி5 தேறுமே' என்று வீட்டில் ஒருவர் சொன்னார். தேறும். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பத்து தீகாவில் பின்னால் வந்த லோரியின் விளக்கு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

தம்பியும் அம்மாவும் நாலரைக்கு வந்தார்கள். அம்மா கையில் இரண்டு பை. சேலை வேலை முடிந்துவிட்டது. என் குரலைக் கேட்டதும் "காலையில பேசுற பொண்ணுதானே நீ?" என்றார். எனக்கு அது உதவவில்லை, இன்னும் கூச்சமாகிவிட்டது. நடந்து காடிக்குப் போனோம். நானாவும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டுக் கூடவே வந்தார்.

"ஆண்ட்டி, முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். இது ஸ்ரீ மூடா வெள்ளத்துல முங்கின காடி. காப்புறுதியில முழு இழப்புன்னு முடிச்ச வண்டி. எனக்கு வித்தவர் சொல்லல. நான் சொல்றேன்."

தொலைபேசியில் தம்பியிடம் பாதி சொல்லியிருந்தேன். அம்மாவிடம் அவர் சொல்லவில்லை என்பது அம்மா முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. தம்பி பட்டறையில் வேலை செய்கிறவர். பதில் பேசாமல் பட்டையை இழுத்தார், டயரைத் தூக்கினார், பியூஸ் பெட்டியைத் திறந்தார். முன்விளக்குக் கண்ணாடியின் உட்பக்கத்தில் மங்கலாக ஓர் அலைக்கோடு இருப்பதைக் காட்டினார். மூன்று வருடம் தினமும் பார்த்த விளக்கு, நான் கவனித்ததே இல்லை. மாற்றிய பாகங்களின் ரசீதுகளைக் கொடுத்தேன். காற்றுப்பையைப் பற்றிக் கேட்டார். "அதுக்கு என்னால உறுதி சொல்ல முடியாது தம்பி, மாத்திட்டு ஓட்டுங்க" என்றேன்.

அம்மா நேராக விஷயத்துக்கு வந்தார். "எவ்ளோ குறைப்பே?"

பதினோராயிரம் சொல்லியிருந்தேன். அவர் எட்டு என்றார். நானா நடுவில் புகுந்து, சேலைக்குப் பேரம் பேசும் அதே குரலில், ஒன்பது என்றார். ஒன்பதாயிரத்துக்கு முடிந்தது. பி5-உம் ஜேபிஜேயும் திங்கட்கிழமை. முன்பணம் ஐந்நூறு.

ரசீது எழுதத் தாள் இல்லை. நானா கடையிலிருந்து பில் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். தொகையும் வண்டி எண்ணும் எழுதிய பிறகு, கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'இந்த வாகனம் 2021 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியது, வாங்குபவர் அறிவார்.' தமிழில் எழுதிவிட்டேன். தம்பி சிரித்துக்கொண்டே அதை மலாயிலும் எழுதச் சொன்னார். "நாளைக்கு நான் வித்தா, வாங்குறவங்களுக்குக் காட்டணும்ல" என்றார். எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம். அம்மா தாளை நான்காக மடித்துச் சேலைப் பைக்குள் வைத்தார்.

ஆற்றுப் பக்கம் வானம் கறுத்திருந்தது. முதல் துளி கண்ணாடியில் விழுந்ததும் நானா கடைப் பையனைப் பார்த்துக் கத்தினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"தம்பி, சாவிய வாங்கிக் காடிய கொஞ்சம் மேட்டுல போடு. இந்த எடத்துல தண்ணி மொதல்ல நிக்கும்."